பாதி வீடு போதுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கிராமத்திலிருந்து வேலூருக்குப் பிழைக்க வருகிறவர்களுக்கு ‘வளரும் வீடு’ தரலாம் என்று எழுதியிருந்தீர்கள். பாதியைக் கட்டிக் கொடுத்து மீதியை நீயே பார்த்துக்கொள் என்றால், நாலு வருஷத்தில் அது தகரக் கொட்டகைக் கூட்டமாகிவிடாதா? ஊருக்கு வெளியே எட்டு மாடி கட்டிக் கொடுப்பது சுலபம் இல்லையா?

வாசகர், அணைக்கட்டு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் கொட்டகை ஏன் வருகிறது என்று பாருங்கள். கொத்தனார், சித்தாள் வேலைக்கு வருகிற குடும்பத்துக்குச் சுவர் எழுப்பத் தெரியும். அவர்களால் முடியாதது அஸ்திவாரம், சாக்கடை இணைப்பு, மாடிப்படி, பட்டா. இந்தக் கஷ்டமான பாதியை முதலில் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்தூரில் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி 1980களில் வடிவமைத்த அரண்யா குடியிருப்பில், மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். ஏழைக் குடும்பங்களுக்கு அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீரும் கொடுத்து, மேலே கட்டுவதை அவர்களிடமே விட்டார்கள். சிலி நாட்டின் இகீகே நகரில் கட்டடக்கலைஞர் அலெஹாந்திரோ அரவேனாவின் குழு 2004இல் முடித்த வேலை உங்கள் கேள்விக்கு இன்னும் நேரான பதில். நிலத்துக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த மானியம் 7,500 டாலர். அந்தப் பணத்துக்கு ஊருக்கு வெளியே போயிருக்கலாம். போகவில்லை, மக்கள் ஏற்கெனவே வாழ்ந்த நகர நடுவிலேயே பாதி வீடுகளைக் கட்டி, வீடுகளுக்கு இடையே அளவாக இடம் விட்டார்கள். பிறகு கட்டியதில் பெரும்பகுதி அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கியது.

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு வேலை செய்யும் பெண்ணைப் பத்து கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்தால், ஷேர் ஆட்டோவுக்கே கூலியில் ஒரு பங்கு போய்விடும். எட்டாவது மாடியில் ஆடு கட்ட முடியாது, வாசலில் இட்லிக் கடை போட முடியாது. ஊரிலிருந்து வருகிற நெல் மூட்டையை, லிஃப்ட் நின்ற அன்று யார் தூக்குவது?

அப்புறம் வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில் பகலில் ஒரு குழந்தையைத் தூங்கவைக்க முடியாது. அதனால் கூரையை அரசே போட்டுக் கொடுக்க வேண்டும். சுவருக்கு, கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. செங்கலைக் குத்தாக நிறுத்தி, நடுவில் காற்றுக்கு இடம் விடுவது. செங்கல் சுமார் கால்வாசி மிச்சம், சூடும் மெதுவாகத்தான் உள்ளே வரும். மேற்குச் சுவரையாவது இப்படிக் கட்டலாம்.

இது எல்லாருக்கும் பொருந்தாது என்பதும் சரிதான். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குத் தனியாக வரும் பெண்களுக்கும், நடவுக்கு ஊர் திரும்பிவிடுகிறவர்களுக்கும் சொந்த வீடு இப்போது தேவையில்லை. அட்வான்ஸ் கேட்காத வாடகை அறை போதும். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பேர் தங்கும் விடுதியை சிப்காட் திறந்தது. நல்ல விஷயம். ஆனால் கல்யாணம் ஆனால் அங்கே தங்கும் பெண் எங்கே போவாள்? அதனால் இங்கே கட்டும்போது பாரத்தைத் தூண்கள் தாங்கட்டும், நடுச்சுவர்கள் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். இன்று நாலு கட்டில் போட்ட இரண்டு அறைகள் நாளை ஒரு குடும்பத்தின் வீடாகும். அதற்கு, சமையலறைக்கான தண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் முதல் நாளே பதித்து மூடி வைக்க வேண்டும்; பிறகு தளத்தை உடைக்கிற செலவை வாடகைக்காரர் ஏற்க மாட்டார், நிர்வாகமும் ஏற்காது.