கொம்பு ஊதிய ஜோன்ஸ் கவுண்டி

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் அடிமை முறைக்காக ஒரே மனதாக நின்றன என்றுதான் படித்திருக்கிறேன். அங்கேயே எதிர்த்து நின்ற ஊர் ஒன்றுகூட இல்லையா?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: இருந்தன. அவற்றில் என் மனதைவிட்டுப் போகாதது மிசிசிப்பி மாநிலத்தின் ஜோன்ஸ் கவுண்டி. நம் கணக்கில் ஒரு சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைன் மரக்காடு, பெரிய பருத்திப் பண்ணைகளுக்குத் தோதில்லாத மண். சோளம் விதைத்து, பன்றி வளர்த்துப் பிழைத்த குடியானவர்கள். 1860இல் மாநில மக்களில் பாதிக்கு மேல் அடிமைகள். ஜோன்ஸில் நூற்றுக்கு 12 பேர்தான். மாநிலம் அமெரிக்காவைவிட்டுப் பிரிவதா என்று முடிவெடுக்க 1861இல் ஒரு மாநாடு கூடியது. பிரிவினையை எதிர்க்கச் சொல்லி அதற்கு ஒருவரை அனுப்பினார்கள். போனவர் அங்கே பிரிவினைக்கே வாக்களித்துவிட்டார்.

1862இல் வந்தது ஒரு சட்டம்: 20 அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளையர் வீதம் படையிலிருந்து விலக்கு. ஏழை விவசாயி போர்முனையில். வீட்டில் மனைவி ஏர் பிடிக்கிறாள். விளைந்ததில் பத்தில் ஒரு பங்கை அரசு ஆட்கள் வாரிக்கொண்டு போகிறார்கள். வயிறு எரியாதா?

படையைவிட்டு ஊர் திரும்பியவர்கள் 1863இல் நியூட்டன் நைட் என்ற விவசாயியின் தலைமையில் திரண்டார்கள். லீஃப் ஆற்றங்கரைச் சதுப்புக் காடுதான் ஒளிவிடம். ஆபத்து என்றால் கொம்பு ஊதுவார்கள். பெண்களும் அடிமைகளும் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மோப்ப நாய்களை ஏமாற்ற வழியில் மிளகாய்த்தூள் தூவியதாக அங்கே இன்றும் சொல்வார்கள். அப்படி உதவியவர்களில் ரேச்சல் என்ற அடிமைப் பெண்ணைத்தான் நான் முதலில் வைப்பேன். பிடிபட்டால் ஆண்களுக்குத் தூக்கு. அவளுக்கு நேரக்கூடியதை நினைக்கவே நடுங்குகிறது.

1864 ஏப்ரலில் தென்மாநிலப் படையின் கர்னல் ராபர்ட் லவ்ரி நாய்களோடு வந்து பத்துப் பேரைத் தூக்கிலிட்டார். பிற்பாடு அவர்தான் மாநில ஆளுநர்! நைட்டோ கடைசிவரை சிக்கவில்லை. போருக்குப் பின் ரேச்சலோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்றார். 1922இல் இறந்தபோது அவள் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார்.

1948இல் ரேச்சலின் கொள்ளுப்பேரன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்ததற்காக அதே கவுண்டியின் எல்லிஸ்வில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். பார்க்க வெள்ளையர்; உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். கறுப்பின வழியில் வந்தவர் வெள்ளையரை மணப்பது அப்போது அங்கே குற்றம். அதனால் வழக்கு முழுக்க ரேச்சல் என்ன நிறம் என்பதுதான். ஐந்தாண்டு சிறை என்றார்கள். மறுவருடம் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.