துடிப்பு எங்கே போனது?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். செயல்திட்டத்துக்காக ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற நியூட்ரான் விண்மீனைப் பற்றிய இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள லாக்ஸ்பிசி என்ற எக்ஸ் கதிர்க் கருவியின் தரவை இறக்கினேன். கிட்டத்தட்ட இரண்டு நாள் தரவு. 1.24 விநாடிக்கு ஒரு துடிப்பு என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. அந்தக் கால அளவில் மொத்தத் தரவையும் மடித்தால், அதாவது அந்த நீளத் துண்டுகளாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், தட்டைக் கோடுதான் வருகிறது. தரவில் கோளாறா, என்னிடமா?

பதில்: துடிப்பு உங்கள் தரவுக்குள்ளேயேதான் இருக்கும். மொத்தமாக மடித்ததில் நீங்களே அதை அழித்துவிட்டீர்கள். இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் ஒரு தடவை செய்கிற தவறு இது.

அந்த நியூட்ரான் விண்மீன் ஓர் இடத்தில் நிற்பதில்லை. துணை விண்மீனோடு சேர்ந்து 1.7 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. நம் பார்வைக் கோட்டில் அதன் பாதையின் ஆரம் ஒளி 13 விநாடியில் கடக்கும் தூரம். அது அந்தப் பக்கம் இருக்கும்போது துடிப்புகள் 13 விநாடி தாமதமாகவும், இந்தப் பக்கம் வரும்போது 13 விநாடி முன்னதாகவும் வந்து சேரும். மொத்தம் 26 விநாடி வித்தியாசம், அதாவது இருபதுக்கும் மேற்பட்ட துடிப்புகள். இவ்வளவையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மேடும் பள்ளமும் நிரவிப் போகாமல் என்ன செய்யும்?

முதலில் ஒரு சின்னச் சோதனை. தரவை 2000, 3000 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாகத் துடிப்புக் காலத்தைத் தேடுங்கள். அவ்வளவு நேரத்துக்குள் சுற்றுப்பாதையின் வளைவால் வரும் பிசகு ஒரு விநாடியின் நூறில் சில பங்குதான், துடிப்பு தெரிந்துவிடும். கிடைத்த காலங்களை நேரத்துக்கு எதிராகப் போட்டுப் பாருங்கள். 0.0007 விநாடி மேலும் கீழுமாக ஓர் அலை எழும். முதல் தடவை அதைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும், அதற்காகவாவது செய்யுங்கள்.

அப்புறம் முறையான திருத்தம். ஒவ்வொரு ஃபோட்டானின் நேரத்தையும் முதலில் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு நாள் தரவில் பூமியின் ஓட்டம் துடிப்பை அழித்துவிடாது என்பது சரிதான். ஆனால் இரட்டை விண்மீனின் சுற்றுப்பாதை அளவுகள் அந்த மையத்தின் நேரத்தில்தான் வெளியிடப்படுகின்றன. அதைத் தவிர்த்தால் பல நிமிடங்கள் வரை பிசகலாம். அதன் பிறகே 1.7 நாள் சுற்றின் திருத்தம். இதற்குப் பழைய அட்டவணையை எடுக்காதீர்கள். அந்தச் சுற்றுக் காலம் மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது.

எதையாவது கண்டுபிடித்துவிட்டேன் என்று கையைத் தூக்குமுன் ஒரு விஷயம். எந்தெந்தக் கால அளவில் ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டும் உங்கள் திறன் நிறமாலையில் சுமார் 98 நிமிடத்தில் ஒரு முகடு தெரிந்தால் அது அஸ்ட்ரோசாட் பூமியைச் சுற்றும் நேரம். பூமி மறைப்பதால் தரவில் விழும் இடைவெளிகள் செய்யும் வேலை.

இவ்வளவும் செய்தும் துடிப்பு மங்கலாக இருந்தால் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு 1.7 நாளிலும் ஏறத்தாழ 6 மணி நேரம் துணை விண்மீன் அதை முழுதாக மறைக்கும். அது போக 35 நாள் சுழற்சி ஒன்றும் உண்டு. அதில் சுமார் 10 நாள்தான் நல்ல வெளிச்சம். இடையில் சில நாள் ஒரு சிறு வெளிச்சம் வரும், மற்ற நாள்களில் மங்கல். வானத்தை எக்ஸ் கதிரில் கண்காணிக்கும் மேக்ஸி, ஸ்விஃப்ட் விண்வெளிக் கருவிகளின் தினசரி அளவீடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் நாள் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று அதில் பார்த்துவிடலாம்.

அறிக்கை எழுதும்போது, மங்கலான நாள்களில் 'உமிழ்வு குறைந்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நியூட்ரான் விண்மீனைச் சுற்றியுள்ள வாயுத் தட்டு சாய்ந்து நெளிந்து, பம்பரத்தின் அச்சு போலத் தலைசுற்றி வந்து நமக்குக் குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். 1983-லும் 1993-லும் 1999-லும் இந்த விண்மீன் எக்ஸ் கதிரில் மாதக்கணக்கில் அடங்கியே கிடந்தது. அப்போதும் துணை விண்மீனின் ஒரு முகம் மட்டும் எக்ஸ் கதிர் பட்டுச் சூடேறி, வழக்கம்போலவே பிரகாசித்துக்கொண்டிருந்தது. உமிழ்வு நிற்கவில்லை, நமக்குத்தான் மறைந்தது என்பதற்கு அதுவே சாட்சி.