சதுர அடிக்கு 350 ரூபாய் கூடக் கேட்கிறார் மேஸ்திரி: கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாமனார் கொடுத்த இடத்தில் வீடு கட்டுகிறோம். கீழும் மேலுமாக 1,200 சதுர அடி. பொருளோடு சேர்த்துச் சதுர அடி 2,400 ரூபாய் என்று 2025 பிப்ரவரியில் மேஸ்திரியிடம் ஒப்பந்தம் எழுதினோம். இதுவரை 19 லட்சம் கொடுத்துவிட்டோம். கீழ்த்தளம் கான்கிரீட் போட்டாச்சு. மாடிச் சுவர் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டத்தில் நிற்கிறது. அக்டோபரிலிருந்து ஆள் வரவில்லை. ஜல்லி, எம்-சாண்ட், சிமென்ட் எல்லாம் ஏறிவிட்டது, சந்துக்குள் லாரி வராததால் மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) கூலி வேறு, சதுர அடிக்கு 350 ரூபாய் கூட்டினால்தான் வேலை என்கிறார். ஒப்பந்தத்தின் கடைசியில் ‘விலை ஏறினால் பேசி முடிவு செய்யப்படும்’ என்று பேனாவால் எழுதிய வரி ஒன்று இருக்கிறது. வாடகையும் வங்கித் தவணையும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு அவர் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்தும் போடாதீர்கள்.

பொருளோடு சேர்த்து ஒரு ரேட் பேசினால், விலை ஏறினாலும் இறங்கினாலும் அது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. லாபம் குறைந்துவிட்டது என்பதற்காக வேலையை நிறுத்தச் சட்டம் இடம் தராது. போர்க்காலத்தில் ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து கொடுத்தவர்கள், செலவு எகிறிவிட்டது என்று கூடுதல் தொகை கேட்ட அலோபி பர்ஷாத் வழக்கில், 1960-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது கஷ்டமாகிவிட்டது என்பது வேறு, நிறைவேற்றவே முடியாது என்பது வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 56 இரண்டாவதற்கு மட்டும்தான் உதவும்.

இனி அந்தப் பேனா வரி. அவர் நம்பிக்கொண்டிருப்பது அதைத்தான். எந்தப் பொருள், எவ்வளவு ஏறினால், எந்தக் கணக்கில் என்று எதுவும் அதில் இல்லை. அர்த்தம் நிச்சயமில்லாத உடன்பாடு செல்லாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 29. ஆகவே அந்த வரியைக் காட்டி 350 என்று ஒரு தொகையை உங்கள் தலையில் கட்ட முடியாது. பேசிப் பார்க்க வேண்டும், ஒத்துவராவிட்டால் பழைய 2,400 அப்படியே நிற்கும். ரேட்டை மாற்ற இருவர் சம்மதமும் வேண்டும் என்பதுதான் பிரிவு 62.

அவர் சொல்லும் காரணங்களில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கனிமம் உள்ள நிலங்களுக்கான கனிம நில வரி நடைமுறைக்கு வந்தது. குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் ஜல்லி, எம்-சாண்ட் வரத்தே நின்றது. அந்த நாட்களுக்குத் தாமதம் என்று அவர்மேல் குற்றம் சொல்லாதீர்கள், அது நியாயமும் இல்லை. ஆனால் அதை வைத்து அக்டோபரில் வேலையை நிறுத்த முடியாது. சிமென்ட் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. மீன்பாடி வண்டிக் கூலியும் புதிய செலவு இல்லை. பிப்ரவரியில் ரேட் பேச வந்தபோதும் உங்கள் சந்து அதே அகலம்தானே?

அவர் கணக்கில் உள்ள பெரிய ஓட்டை இன்னொன்று. 1,200 சதுர அடிக்கும் சேர்த்து 350 என்றால் 4,20,000 ரூபாய். அஸ்திவாரம், கீழ்த்தளம், மாடிச் சுவர் எல்லாம் பழைய விலையில் வாங்கிப் போட்டுமுடிந்த வேலை. ஜல்லி இனி முக்கியமாக மாடித் தளத்துக்குத்தான். முடிந்த வேலைக்கும் சேர்த்து விலையேற்றம் கேட்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

சரி, இப்போது செய்ய வேண்டியது. பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து, இதுவரை நடந்த வேலையை அளந்து மதிப்பு எழுதி வாங்குங்கள். மதிப்பு 16 லட்சம் என்று வந்தால், உங்கள் பணம் 3 லட்சம் அவரிடம் நிற்கிறது என்று பொருள். பேச்சுவார்த்தையில் உங்கள் பலமே அந்தத் தாள்தான். வேறு ஆள் கை வைப்பதற்கு முன் மூலைமுடுக்கெல்லாம் படம், வீடியோ எடுத்துவிடுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இருக்கும் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். நாளை அதை ஆதாரமாகக் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-இன்படி சான்றிதழும் தர வேண்டியிருக்கும்.

அப்புறம், மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) அடித்துவையுங்கள். நம் பக்கத்துக் கடல் காற்றில் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அளவு கையில் வந்ததும் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பாதிக் கட்டடத்தை எடுத்துச் செய்யப் புது மேஸ்திரி எளிதில் வரமாட்டார், வந்தாலும் ரேட் கூடக் கேட்பார். அதனால் வேலை நன்றாக இருந்தால் பழையவரோடு முடிப்பதே நல்லது என்பது என் கருத்து. பிப்ரவரி பில், இப்போதைய பில் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். மீதி வேலைக்கான பொருளில் மட்டும் உண்மையான வித்தியாசம் தெரிந்தால், அதில் ஒரு பங்கை ஏற்கலாம். இது உங்கள் விருப்பம், கடமை இல்லை. எழுத்தில் போட்டு, ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகே பணம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பிடிவாதம் பிடித்தால், 15 நாளில் வேலை தொடங்கக் கோரி வழக்கறிஞர் மூலம் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்து வேறு ஆளை வைத்து முடிக்கலாம். அதில் கூடுதலாகும் நியாயமான செலவை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73-இன்படி கேட்கலாம், எனவே எல்லா ரசீதும் பத்திரம். காவல் நிலையம் போனால் இது சிவில் விவகாரம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டப்படி ஒரு சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 19 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. அவர் வேலையை நிறுத்திய அக்டோபரிலிருந்தே அதை எண்ணிக்கொள்ளுங்கள்.