துபாய் பார்க்க ஏழு பேர், வங்கியில் 18 பவுன்

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறேன். வயது 36, சம்பளம் 48,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்கு 9 வயது, 5 வயது. துபாயில் ஜெபல் அலி பக்கம் 9,000 திர்ஹாம் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரியில் சேர வேண்டும். குடும்பத்தோடு குடியேறும் முன் ஊரை ஒரு முறை பார்த்துவிடலாம் என்று, அரையாண்டு விடுமுறையில் ஐந்து நாள் டூர் போக நினைக்கிறோம். மாமனார், மாமியார், மச்சினனும் வருகிறார்கள். மொத்தம் 4 லட்சம் ஆகும். 2021-ல் தங்கை கல்யாணத்துக்கு 18 பவுனை அடகு வைத்து 3.6 லட்சம் வாங்கினேன். வருடா வருடம் வட்டி கட்டி மாற்றி வைத்து வருகிறேன். தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் 4 லட்சம் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வைக்கும் வங்கிக் கணக்கு), வரி விவரமெல்லாம் நீங்கள் ஏற்கெனவே விசாரித்திருப்பீர்கள், அதற்குள் நான் போகவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'மாற்றி வைத்து வருகிறேன்' என்ற மூன்று சொல்தான்.

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று தோராயமாக வைத்தால், 3.6 லட்சத்துக்கு வருடம் 43,200. நான்கு வருடத்தில் 1.7 லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இப்போது தங்கம் ஏறியதை உங்களுக்கு வந்த லாபம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நகை வங்கிப் பெட்டியில் இருக்கும்போது விலை ஏறினால், உங்களால் வாங்க முடிந்த கடன் கூடுகிறது, அவ்வளவுதான். கடன் 7.6 லட்சமானால் வட்டி மட்டும் மாதம் 7,600.

ஊரைப் பார்த்துவிட்டுக் குடியேறுவது நல்ல யோசனை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐந்து நாள் டூரில் நீங்கள் பார்க்கப்போவது புர்ஜ் கலீஃபாவும் பாலைவன ஜீப்பும். நீங்கள் பார்க்க வேண்டியது, துபாயின் மறுகோடியில் இருக்கும் அல் குசைஸில் வீடெடுத்தால் காலையில் மெட்ரோவில் வழித்தடம் மாறி ஜெபல் அலி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் தங்கினால் சாலையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது. டிசம்பரில் துபாய் கொடைக்கானல் மாதிரி இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கணக்குக்கு வருவோம். திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். வருடம் 60,000 திர்ஹாம் வாடகையில் வீடு, அதை நான்கு காசோலையாகப் பிரித்துக் கொடுக்கிறீர்கள். முதல் காசோலை 15,000. முன்பணம் 5 சதவீதம், தரகுக் கூலி 5 சதவீதம், இரண்டும் சேர்ந்து 6,000. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு டெபாசிட் 2,000. ஆக 23,000 திர்ஹாம், அதாவது 5.5 லட்சம் ரூபாய். கட்டில் வாங்கும் முன்பே! டூருக்குப் போகும் 4 லட்சம் எதற்குத் தேவைப்படும் என்று இப்போது தெரிகிறதா?

அப்புறம் மாதச் செலவு. வாடகை 5,000. அதில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மின்சார பில்லோடு வரும், 250. மின்சாரம், போன் 800. இரண்டு பிள்ளைகளுக்கு இந்தியப் பாடத்திட்டப் பள்ளியும் வேனும் 2,000 என்று குறைத்தே போடுகிறேன். சாப்பாடு, போக்குவரத்து 2,500. மொத்தம் 10,550. சம்பளம் 9,000. உங்கள் மனைவிக்கும் அங்கே வேலை கிடைக்காமல் இது ஓடாது. அதனால் அவர் இங்குள்ள வேலையை இப்போது விட வேண்டாம்.

முதலில் நீங்கள் மட்டும் போங்கள். தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை இருக்கலாம், அது முடியும் முன் குடும்பத்தைப் பெயர்ப்பது அவசரம். உங்கள் வேலை விசா செலவு நிறுவனத்துடையது, அது அங்கே சட்டம். உங்களிடம் கேட்டால் உஷாராகுங்கள். 9,000-ல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டு வாங்குங்கள். முதல் ஐந்து வருடத்துக்குப் பணிக்கொடை, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படை 4,000 என்றால் அது வெறும் 2,800 திர்ஹாம்.

அறையைப் பகிர்ந்து தங்கினால் 2,500-ல் மாதம் ஓடும். மிச்சம் 6,500, ஏறக்குறைய 1.56 லட்சம் ரூபாய். திருநகர் வீட்டுக்கும் நகை வட்டிக்கும் 45,000 போனால் கையில் 1.1 லட்சம். ஏப்ரல் சம்பளத்தோடு 3.6 லட்சம் நகைக் கடன் அடைந்துவிடும்.

அழகர் ஆற்றில் இறங்கி, திருவிழா முடிந்த கையோடு மே மாதம் மனைவியையும் பிள்ளைகளையும் விசிட் விசாவில் அழைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஊர் பார்ப்பது. வெயிலும் தெரியும், பள்ளிகளில் அவர் வேலையும் விசாரிக்கலாம். அந்த விசாவில் வேலை மட்டும் பார்க்கக் கூடாது.

போன இடத்தில் யாராவது, கட்டி முடியாத ஃப்ளாட்டை மாதம் ஒரு சதவீதம் கட்டி வாங்கலாம் என்று பிடிப்பார்கள். 6 லட்சம் திர்ஹாம் ஃப்ளாட்டுக்கு ஒரு சதவீதம் 6,000. பதிவுக் கட்டணம் 4 சதவீதம், 24,000. உங்கள் சம்பளத்தை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனார் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். 'மாமா, வீடு எடுத்ததும் நீங்களும் அத்தையும் ஒரு மாதம் வந்து தங்குங்கள்' என்று சொல்லுங்கள், அப்போது டிக்கெட்டும் விசாவும்தான் செலவு. மச்சினன் சம்பாதிக்கிறவர் என்றால் அவர் டிக்கெட்டை அவரே எடுக்கட்டும்.

இந்த வருடம் நகையை மாற்றி வைக்கும்போது 18 பவுனையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள், மூன்றாகப் பிரித்து வைக்கக் கேளுங்கள். பிப்ரவரி முடிவில் முதல் ஆறு பவுனை உங்கள் மனைவியே போய்த் திருப்பிக்கொண்டு வரலாம்.