வணிகம் படிக்காதவர் எம்பிஏ படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். எம்பிஏ என்பது ஒரு நிறுவனத்தின் பணம், ஆள், சந்தை ஆகியவற்றை ஒருசேர நிர்வகிக்கக் கற்றுத்தரும் முதுநிலைப் பட்டம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டு, பணி அனுபவத்தையும் கேட்பதற்குக் காரணம் உண்டு: உண்மை நிறுவனங்களின் சிக்கல்களை விவாதிக்கும் வகுப்பில், மருந்தகத்தின் முன் வரிசை ஏன் நீள்கிறது என்பதை ஒரு தாதி அறிந்திருப்பதைப் போல வணிகப் பட்டதாரி அறிந்திருக்கமாட்டார். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பரோட்டா வீசிப் பழகியவர் சொந்தக் கடை போடும்போது மாவு, வாடகை, கூலி மூன்றையும் கூட்டி ஒரு பரோட்டாவுக்கு விலை வைக்கக் கற்பதைப் போன்றது இது. கைப்பக்குவம் ஏற்கெனவே உண்டு, கணக்குதான் புதிது. அந்தக் கணக்கு முதலில் மிரட்டும் என்பதால், வகுப்பு தொடங்குமுன் சில வாரங்களை அதற்கென ஒதுக்குவது மிகவும் நல்லது. கணக்கியல் தெரியாதவரைச் சேர்க்கமாட்டார்கள் என்று பலர் நம்புவது தவறு. ஒரு நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பை வாசிப்பது போன்ற அடிப்படைகளிலிருந்தே அங்குக் கணக்கியல் பாடம் தொடங்குகிறது.