கல் ரயிலும் உங்கள் மகள் கேட்ட கேள்வியும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "கல்குவாரிக்கு அனுப்பவா இவளை இவ்வளவு தூரம் படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது பெரிய பாறைகளை ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று கடந்து போயிருக்கிறது. "பெட்டி பாதிகூட நிறையவில்லையே, ஏன் இப்படி வெறுமனே ஓட்டுகிறார்கள்?" என்று உங்கள் மகள் கேட்டிருக்கிறாள். பாறையிலும் குவாரி வேலையிலும் அவளுக்கு வந்த இந்த ஆர்வம் அன்றைக்குத் தொடங்கியதுதான் என்கிறீர்கள்.

முதலில் அவளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு கன மீட்டர் கருங்கல்லின் எடை சுமார் 2.65 டன். ஏழு டன் பாறை என்றால் மலைபோல் தோன்றும். உண்மையில் அது பக்கத்துக்கு 1.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு கனசதுரம்தான், வளர்ந்தவர் ஒருவரின் தோள் உயரம். பெட்டி 60 டன் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பாறைகள் ஏற்றினால் 56 டன். ஒன்பதாவது பாறைக்குப் பெட்டியில் இடம் உண்டு, ஆனால் அதை ஏற்றினால் 63 டன் ஆகிவிடும். நிலக்கரியாக இருந்தால் அதே பெட்டியை விளிம்பு வரை நிரப்பலாம். பாறை ஏற்றும்போதோ பெட்டி நிறையும் முன்பே சக்கர அச்சு தாங்கும் எல்லை வந்துவிடுகிறது. பெட்டியின் மேற்பாதி காலியாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

அந்த எட்டுப் பாறைகளையும் நினைத்தபடி போட்டுவிட முடியாது. முன் சக்கரத் தொகுதிக்கும் பின் சக்கரத் தொகுதிக்கும் எடை சமமாகப் பிரிய வேண்டும். இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் கனத்தால், வளைவில் மறுபக்கச் சக்கரம் லேசாகித் தண்டவாளத்தை விட்டு ஏறிவிடும் அபாயம் உண்டு. அதோடு, பெட்டியின் தரையில் சிறு கற்களைப் பரப்பி, அந்த மெத்தையின் மேல் பாறையை இறக்கி வைப்பார்கள். உயரத்திலிருந்து போட்டால் பெட்டியின் தரை நசுங்கும், பாறையும் உடையும். மாணவர்களை ஒரு முறை இப்படி ஏற்றும் இடத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பொக்லைன் ஓட்டுநர் ஒரு பாறையைப் பிடித்துத் தூக்கி, பாதி வழியில் நிறுத்தி, திருப்பி, மறுபடி கீழே வைத்தார். அதன் அகன்ற முகம் அடியில் வரும்படி பிடித்து மீண்டும் தூக்கினார். ஒரே ஒரு கல்லுக்கு அத்தனை பொறுமை.

ஏன் ரயில் என்று அவள் அடுத்துக் கேட்பாள். 40 பெட்டிகள் கொண்ட ஒரு ரயில், மேலே சொன்ன கணக்கில், 2,240 டன் கொண்டு போகும். 20 டன் ஏற்றும் லாரியில் இப்படி இரண்டு பாறைதான் ஏறும், அதைக் கொண்டு போக 160 நடை ஆகும். ஆனால் தண்டவாளம் குவாரியில் பாறை வெட்டும் முகப்பு வரைக்கும் வராது, பெரும்பாலும் அலை அடிக்கும் இடம் வரைக்கும் போகாது. இரண்டு முனையிலும் கல்லை மாற்றி ஏற்ற வேண்டும். மாற்றி ஏற்றும்போதெல்லாம் அதன் முனைகள் உடைந்து எடை குறையும். எத்தனை முறை கை மாறுகிறது என்பதைக் குறைப்பதே இந்தத் துறையில் ஒரு தனி வேலை.

இறக்குவதிலும் வகைகள் உண்டு. காற்றழுத்த உருளைகளால் பெட்டியின் உடலையே ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொட்டும் வேகன்கள் இருக்கின்றன. அந்தக் காற்று எஞ்சினிலிருந்து குழாய் வழியே வருகிறது. தண்டவாளம் சமமாக இல்லாமலோ, பாறை ஒட்டிக்கொண்டு வழுக்காமலோ இருந்தால் பெட்டியே கவிழக்கூடும். சாதாரணத் திறந்த பெட்டியானால் பிடிநகம் பொருத்திய இயந்திரம் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்.

இந்தப் பாறைகள் போய்ச் சேரும் இடங்களை உங்கள் மகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். துறைமுக அலைத்தடுப்புச் சுவர், கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவு, பாலத் தூண்களின் அடிப்பகுதி, அணையின் நீர் மோதும் முகம், அரிக்கும் ஆற்றங்கரை. இங்கே நடப்பது வெறும் கொட்டுதல் அல்ல. அலையின் உயரம் இரு மடங்கானால், அதைத் தாங்கப் பாறையின் எடை எட்டு மடங்காக வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஹட்சன் 1950-களில் வகுத்த சூத்திரம் சொல்வது இது. ஓடும் நீரில் இன்னும் கடுமை: வேகம் இரு மடங்கானால் 64 மடங்கு எடை. வெள்ளத்தில் சிறு கற்கள் போன இடம் தெரியாமல் போவதும், பத்து டன் கல்லைத் தேடி அலைவதும் இதனால்தான்.

ரயிலின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1905-ல் கொலராடோ ஆறு பாசனக் கால்வாய்க்காக வெட்டிய வாயை அகலப்படுத்திக்கொண்டு கலிபோர்னியாவின் சால்ட்டன் பள்ளத்துக்குள் பாய்ந்தது. சதர்ன் பசிபிக் ரயில்வே நிறுவனம் உடைப்பின் குறுக்கே மரத்தூண்களை அடித்துத் தண்டவாளம் போட்டது. அதன் மேல் கல் ரயில்களை நிறுத்தி, ஆறு இழுத்துக்கொண்டு போவதைவிட வேகமாகப் பாறைகளைக் கொட்டினார்கள். 1906 நவம்பரில் அடைத்தார்கள். அடுத்த மாதமே வேறிடத்தில் உடைந்தது. 1907 பிப்ரவரியில்தான் முழுதாக மூட முடிந்தது. அதற்குள் பள்ளத்தில் தேங்கிய நீர் ஒரு கடல் போல் விரிந்து இன்றும் இருக்கிறது. எந்தக் குவாரியின் ரயில் எப்போது வரும், காலிப் பெட்டிகள் எப்படித் திரும்பும் என்று கணக்குப் போட்டவர்களும் சேர்ந்துதான் அந்த ஆற்றை அடைத்தார்கள்.

இனிப் படிப்பு. "குவாரி வேலை" என்று நீங்கள் ஒரே சொல்லில் அடைத்தது குறைந்தது நான்கு தொழில்கள். ஒன்று நிலவியல் (பள்ளியில் படிக்கும் புவியியல் வேறு, இது வேறு). மலையில் இயற்கையாக உள்ள விரிசல்கள் அரை மீட்டருக்கு ஒன்று என்றிருந்தால், என்ன வெடி வைத்தாலும் அங்கிருந்து ஏழு டன் பாறை வராது. அதை முன்கூட்டியே சொல்வது நிலவியலாளர். அடுத்தது சுரங்கப் பொறியியல். ஜல்லிக்கு வெடி வைப்பவர் கல் நொறுங்க வேண்டும் என்று நினைப்பார். பெரும் பாறைக்கு வெடி வைப்பவர் மருந்தைக் குறைத்து, மலையிலிருந்து அது பிரிந்தால் போதும் என்று நினைப்பார். இரண்டும் எதிரெதிர்க் கலைகள். அப்படியும் பெரிய கல் சிறு பங்குதான் கிடைக்கும். மீதியை அலைத்தடுப்புச் சுவரின் உள்வயிற்றை நிரப்ப அனுப்புவார்கள். மூன்றாவது, ரயில் சரக்கு இயக்கமும் வேகன் பராமரிப்பும். இயந்திரவியல் பட்டயம் படித்தவர்களுக்கு இங்கே நல்ல இடம் உண்டு. நான்காவது சிவில் பொறியியல், அதன் மேல் கடற்கரைப் பொறியியல்.

இவற்றுக்கு நடுவே தரச்சோதனை என்று ஒரு வேலை இருக்கிறது. அதை யாரும் மாணவர்களிடம் சொல்வதில்லை என்பது என் வருத்தம். சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் மந்தமாகச் சத்தம் வரும். நீளம் கனத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போன கல்லைப் பெரும்பாலும் ஒதுக்குவார்கள், நடுவில் முறிந்துவிடும். ஐரோப்பியத் தர விதிகளில் 3 முதல் 6 டன், 6 முதல் 10 டன், 10 முதல் 15 டன் என்று வகுப்புகளே உண்டு. எடை போட்ட சில கற்களின் மேல் பெயின்ட்டால் எடையை எழுதிக் களத்தில் வைத்துவிடுவார்கள், இயந்திரம் ஓட்டுபவர் கண்ணாலேயே ஒப்பிட்டுக்கொள்ள.

என் கருத்தைக் கேட்டால், அவள் சிவில் படிக்கட்டும். வாசல் அகலமானது, இந்த ஆர்வம் நாளை மாறினாலும் வழி அடைபடாது. இறுதியாண்டுத் திட்டத்தை அலைத்தடுப்பு பற்றி எடுத்துக்கொண்டு, மேற்படிப்பில் கடற்கரைப் பொறியியலுக்குப் போகலாம். ஆனால் மலை முகப்பில் நின்று பார்த்த பிறகும் அவள் மனம் வெடியிலும் பாறையிலுமே நின்றால், சுரங்கப் பொறியியலைத் தடுக்காதீர்கள். பள்ளியில் இயற்பியலையும் கணிதத்தையும் விட்டுவிடாமல் இருந்தால் இரண்டு வழியும் திறந்தே இருக்கும்.

அபாயத்தை மறைக்க மாட்டேன். கருங்கல் தூசியில் சிலிக்கா உண்டு. வருடக்கணக்கில் சுவாசித்தால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தூக்கிய கல்லுக்கு அடியிலோ, பெட்டிக்கும் பாறைக்கும் நடுவிலோ ஒருபோதும் நிற்கக் கூடாது. வேலை ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும். ஒரு சுவர் முடிந்ததும் அடுத்த இடத்துக்கு மூட்டை கட்ட வேண்டியிருக்கும். பெண்ணால் முடியுமா என்று தயங்கியிருக்கிறீர்கள். கல்லைத் தூக்குவது இயந்திரம், ஐயா. நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறு: துளையிடும்போது தண்ணீர் தெளிக்கிறார்களா, சரியான முகக்கவசம் தருகிறார்களா, வெடி நேரத்தில் ஆட்களை அப்புறப்படுத்த ஒழுங்கான முறை இருக்கிறதா, பெண்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் உண்டா. இவற்றுக்கு மழுப்பும் இடமாக இருந்தால், சம்பளம் எவ்வளவு என்றாலும் வேண்டாம்.

அடுத்த விடுமுறையில் முறையாக அனுமதி பெற்று ஒரு நாள் குவாரியிலும், ஒரு நாள் அலைத்தடுப்புச் சுவர் கட்டும் இடத்திலும் அவளை நிற்க வையுங்கள். நீங்களும் கூடப் போங்கள். திரும்பி வந்ததும் எதைப் பற்றி அதிகம் பேசுகிறாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்து எந்தப் படிப்பு என்று உட்கார்ந்து பேசுவோம்.