பரிசா, பொறுப்பா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நீங்கள் தைக்கிறவர் என்பதை உங்கள் கட்டுரைகளில் அங்கங்கே எட்டிப்பார்க்கும் ஊசி நூலை வைத்துக் கண்டுபிடித்தேன். அந்தத் தைரியத்தில் இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கேள்வி.

ஏழெட்டு வருடமாக ஒட்டுத்துணியில் தலையணை உறையும் குயில்ட்டும் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைத்து நெருங்கியவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். போன வருடம் தோழிக்குக் குழந்தை பிறந்தபோது, வெள்ளையில் சிவப்பு நட்சத்திரம் வைத்து ஒன்று தைத்தேன். ஐந்து மாத ராத்திரி வேலை. அவள் முதல் தடவை துவைத்ததுமே சிவப்பு இறங்கி வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. போனில் அழுதாள். "பரவாயில்லை, விடு" என்றேன். அடுத்த முறை போனபோது குயில்ட்டைத் தேடினேன். உறை போட்டு பீரோ மேலே வைத்திருந்தாள். குழந்தை அதில் ஒருநாள்கூடப் புரண்டிருக்க மாட்டான் என்று தோன்றியது.

அண்ணனுக்குக் கொடுத்த இரண்டு தலையணைகளும் சோபாவில்தான் இருக்கின்றன, ஆனால் பிளாஸ்டிக் உறையோடு. அண்ணன் மகன் அதில் சாய்ந்தபோது, "அத்தை கஷ்டப்பட்டுத் தைச்சது, அழுக்காக்காதே" என்று அண்ணி என் முன்னாலேயே அதட்டினார். எனக்குக் கூசிப்போய்விட்டது.

நான் கொடுத்தது பரிசா, பொறுப்பா? சித்தப்பா மகள் கல்யாணத்துக்கென்று இரட்டைக் கட்டில் அளவில் ஒன்றுக்குத் துணி வெட்டி வைத்திருக்கிறேன். தைக்கட்டுமா, விட்டுவிடட்டுமா? இன்னொன்று: எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் எனக்கு மூலைகள் சேருவதில்லை. அப்படிப்பட்டதை ஒருவருக்குக் கொடுக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தோழிக்கு,

ரோஸாகிப்போன குயில்ட்டைக்கூடக் கடந்துவிட்டேன். அந்தப் பையனிடம் வந்து நின்றுவிட்டேன். தலையணையில் சாய்ந்ததற்கு ஒரு குழந்தை திட்டு வாங்கியிருக்கிறான். அண்ணி பாவம், உங்கள் உழைப்புக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் அதட்டியிருப்பார்.

என் கதையைச் சொல்கிறேன். தைக்கப் பழகிய புதிதில் என் மாமாவுக்கு ஒரு தலையணை தைத்துக் கொடுத்தேன். வெல்வெட்டும் பட்டுமாகத் துண்டுகள், நடுவில் துணி போர்த்திய பெரிய பொத்தான். நான் எப்போது போனாலும் அது கட்டிலில் தலைமாட்டில் கம்பீரமாக இருக்கும். ஒருநாள் சொல்லாமல் போய்விட்டேன். தலையணை நாற்காலியில் கிடந்தது, மாமா கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் பொத்தான் அழுத்துகிறது என்று என்னிடம் எப்படிச் சொல்வார்? நான் வரும் நாட்களில் அதை எடுத்து வைப்பதும் போனபின் இறக்கி வைப்பதுமாக இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு என் வீட்டில் கிடைத்த பதில் அது: நான் கொடுத்தது சுத்தமான பொறுப்பு.

தைக்கிறவர்கள் பரிசை ராத்திரிகளால் கணக்கிடுகிறோம். எத்தனை துண்டு, எத்தனை மாதம். வாங்கிக்கொள்கிறவருக்கு அந்தக் கணக்கு தெரிந்ததும் பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயம் எப்போது வெளிவரும் என்றால், அழுக்கானதைக் கையில் வைத்துக்கொண்டு இதை எப்படித் துவைப்பது என்று நிற்கிற நாளில். அதனால், யாருக்காவது தைப்பது என்று முடிவானால் நான் முதலில் யோசிப்பது நிறத்தையோ டிசைனையோ அல்ல. இதை யார் துவைப்பார்கள், எதில் துவைப்பார்கள்? 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழியை ஏழைக்குச் சொன்ன புத்திமதியாகத்தான் படித்திருக்கிறோம். எனக்கு அது தையல் பாடம். கசக்க முடியாத கந்தையை எப்படிக் கட்டுவது? (கந்தை என்ற சொல்லும், பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் வங்காளத்துக் காந்தாவின் பெயரும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. நம்முடையதில் கிழிசல் மட்டும் தங்கிவிட்டது, அவர்களுடையதில் தையலும் தங்கியது.)

பார்வைக்கென்றே தைக்கிற மரபும் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 'கிரேசி குயில்ட்' என்று ஒன்று பரவியது. பட்டும் வெல்வெட்டும் கோணல்மாணலான துண்டுகளாக, ஒவ்வொரு இணைப்பின்மேலும் எம்பிராய்டரி. வரவேற்பறையில் போட்டு வைப்பதற்கானது, போர்த்திக்கொள்ள அல்ல. அந்தக் காலத்துப் பட்டில் பலவற்றுக்குக் கனமும் சரசரப்பும் வர உலோக உப்புகளை ஏற்றினார்கள். அந்த உப்பே இழையை உள்ளிருந்து தின்றுவிட்டது. இன்று மியூசியங்களில் இருக்கும் கிரேசி குயில்ட்டுகள் பலவற்றில், யாரும் கை வைக்காமலே, பட்டு தானாகக் கீறிக் கீறி உதிர்ந்திருக்கிறது. உங்கள் அண்ணன் வீட்டுப் பிளாஸ்டிக் உறையைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் வேலைச்சட்டை, ஜீன்ஸ், மாவுச்சாக்கு என்று கிடைத்ததில் தைத்தார்கள். குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்துவார்கள், நைந்ததைக் கொசுப்புகைக்கு எரித்ததும் உண்டு. அவை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை மியூசியத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி மியூசியத்திலும் சுவரில் தொங்கியபோது ஊரே வியந்தது. அவற்றில் எனக்கு மறக்காதது மிசௌரி பெட்வே 1942இல் தைத்தது. கணவர் இறந்தபின் அவருடைய வேலைத்துணிகளைக் கிழித்து நீள நீளப் பட்டையாக இணைத்திருக்கிறார். முழங்கால் தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கிறது. நினைவுப்பொருள்தான், ஆனால் பெட்டியில் வைக்க அல்ல, போர்த்திக்கொண்டு தூங்க.

சரி, உங்கள் சிவப்புக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. தோழி துவைத்ததில் தவறில்லை. தைப்பதற்கு முன் நீங்கள் துவைக்காததுதான் தவறு. வெளியே வந்த சாயம் இழையில் பிடித்த சாயமே அல்ல. சாயம் ஏற்றும்போது பிடிக்காமல் மிஞ்சியது, பட்டறையில் சரியாக அலசாமல் விட்டது. சிவப்பிலும் கருநீலத்திலும் இந்த மிச்சம் அதிகம். துணி வாங்கியதும் ஒரு மூலையை வெட்டி, வெள்ளைத் துணித்துண்டோடு சேர்த்துச் சோப்பு கலந்த வெந்நீரில் போட்டுப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால்தான் அந்தச் சிவப்பு உள்ளே வரலாம். மூன்று தடவை அலசியும் தண்ணீர் சிவந்தால் அதை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். இன்றைய பருத்தித் துணிச் சாயத்துக்கு இரண்டாலும் ஒரு பயனும் இல்லை.

சிவப்பு வெள்ளை ஜோடி உலகம் முழுக்கத் தைத்தவர்களை மயக்கியதற்கும் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் 'டர்க்கி ரெட்' என்றொரு சிவப்பு இருந்தது. மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து, எண்ணெயும் படிகாரமும் ஏற்றி, பல நாள் வேலையாகச் செய்தது. எத்தனை துவைத்தாலும் இறங்காது. 2011இல் நியூயார்க்கில் சிவப்பு வெள்ளைக் குயில்ட்டுகளை மட்டும் 651 தொங்கவிட்டு ஒரு கண்காட்சி வைத்தார்கள். எல்லாம் இரண்டே நிறம், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அந்தப் பாட்டிகளுக்குச் சிவப்பின்மேல் இருந்த நம்பிக்கை நமக்குக் கடைத்துணியின்மேல் இருக்கக் கூடாது.

தோழியின் குயில்ட்டை இப்போதும் காப்பாற்றிப் பார்க்கலாம், முழுக்கப் பருத்தியாக இருந்தால். கேட்டு வாங்குங்கள். பெரிய தொட்டி நிறைய, துணி பொறுக்கும் அளவு சூடான தண்ணீர், தாராளமாகத் துவைக்கும் திரவம். குயில்ட் முழுதும் முங்கியிருக்க வேண்டும், மேலே மிதக்கும் பகுதியில் சாயம் தங்கிவிடும். பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டு மறுபடி. தெளியும்வரை செய்யுங்கள், நடுவில் காயவைக்காதீர்கள், இஸ்திரி பக்கமே கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலும் வெளுக்கும். மிச்சம் ரோஸ் இருந்தால் இருக்கட்டும்.

குழந்தைக்குத் தைக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்குமிடத்தில் போர்வை, தலையணை, குயில்ட் எதுவும் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை, மூச்சு முட்டும் ஆபத்து. ஆகவே முதல் வருடம் அது தரையில் விரித்துக் குழந்தையைப் புரளவிடுவதற்கு, அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது. கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். பொத்தான், மணி எதையும் தைக்காதீர்கள், வாய்க்குள் போகும்.

தலையணையில் சொல்ல அதிகமில்லை. உறை கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜிப் வைக்கப் பயமாக இருந்தால் பின்பக்கத்தை இரண்டு துண்டாக்கி, ஒன்றின்மேல் ஒன்று நாலு இஞ்ச் ஏறும்படி தையுங்கள். குழந்தைகூடக் கழற்றி மாட்டலாம். 16 இஞ்ச் பஞ்சுத் தலையணைக்கு உறை அதே அளவோ அரை இஞ்ச் குறைவாகவோ இருந்தால் மூலை தொங்காமல் விம்மி நிற்கும். ஒட்டுத்துணியின் உள்பக்கம் லைனிங் கொடுங்கள், இல்லாவிட்டால் துவைக்கத் துவைக்கப் பிசிறு பிரியும்.

கல்யாணக் குயில்ட்டைப் பற்றி என் அபிப்பிராயம்: தையுங்கள், ஆனால் இரட்டைக் கட்டில் வேண்டாம். அந்த அளவு நனைந்தால் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும், பல வீட்டு மெஷின்களில் நுழையவே நுழையாது. வெட்டியதை வைத்து, சோபாவில் இருவர் காலை மூடிக்கொள்ளும் அளவில், சுமார் 50க்கு 60 இஞ்ச், ஒன்றும், மீதியில் இரண்டு தலையணை உறையும் தையுங்கள். உள்ளே மெல்லிய பருத்திப் பஞ்சுவிரிப்பு. (இதற்கு ஆங்கிலப் பெயர் பேட்டிங். கடையில் கேட்டால் கிரிக்கெட் மட்டை இருக்கும் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.) பருத்தி முதல் சலவையில் மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கும், அப்போது விழும் சின்னச் சின்னச் சுருக்கங்களைத்தான் எல்லோரும் பழைய குயில்ட்டின் அழகு என்கிறார்கள். விரிப்பு வரும் பாக்கெட்டில் தையல் வரிகளுக்கிடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி என்று போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் பஞ்சு துவையலில் உருண்டு ஒரு மூலையில் சேரும். பாக்கெட்டில் போட்டிருப்பதில் பாதி இடைவெளிதான் நான் விடுவேன். ஓரம்தான் முதலில் நையும் இடம், ஆகவே ஓரப்பட்டியை இரண்டரை இஞ்ச் அகலம் வெட்டி, இரண்டாக மடித்துத் தையுங்கள். ஒரு மடிப்பு போனாலும் இன்னொன்று தாங்கும்.

கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு தடவை மெஷினில் போட்டுத் துவைத்துவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். புதுத்துணி மொடமொடப்பு போய்விடுமே என்பீர்கள். போகட்டும். சாயம் இறங்குவதாக இருந்தால் உங்கள் வீட்டில் இறங்கும், தையல் விடுவதாக இருந்தால் உங்கள் கையில் விடும். மறந்துபோன குண்டூசி ஒன்று இருந்தாலும் அகப்படும். (எனக்கு இரண்டு முறை அகப்பட்டிருக்கிறது.) பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் துண்டு வைத்து, உங்கள் பெயர், வருடம், அதற்குக் கீழே 'மெஷினில் போடலாம்' என்று எழுதித் தையுங்கள். எத்தனை ராத்திரி விழித்தீர்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

மூலை விஷயம். ஆமிஷ் பெண்கள் (அமெரிக்காவில் பழைய முறையில் எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகத்தார்), கடவுள் ஒருவரே குறையற்றவர் என்பதால், ஒவ்வொரு குயில்ட்டிலும் வேண்டுமென்றே ஒரு தவறு வைப்பார்கள் என்றொரு கதை சுற்றுகிறது. விவரமறிந்தவர்கள் அது கட்டுக்கதை என்கிறார்கள். எனக்கு அந்தச் சிரமமே இருந்ததில்லை. உங்கள் மூலைகள் சேராததற்கு அநேகமாகத் தையல்விளிம்பு, அதாவது துணியின் ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவில் விடும் இடம், காரணம். கால் இஞ்ச் விட வேண்டிய இடத்தில் ஒரு நூல் கூடினால்கூட, பக்கத்துக்குப் பதினாறில் ஒரு இஞ்ச் என்று வைத்தால், பத்துச் சதுரம் சேர்ந்த வரிசை ஒரு இஞ்சுக்கு மேல் குறைந்துவிடும். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து ஒரு டேப் ஒட்டிக்கொண்டு அதை உரசித் தையுங்கள், பாதி சரியாகும். மீதிப் பாதியோடு தாராளமாகக் கொடுக்கலாம். விளிம்பு கூடிப்போனால் மூலை மட்டும்தான் கோணும். கால் இஞ்சுக்குக் குறைந்துபோனால் நாலு சலவையில் இணைப்பு வாயைப் பிளக்கும், அப்படிப்பட்டதைப் பிரித்துத் தைக்காமல் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை அண்ணன் வீட்டுக்குப் போகும்போது, அண்ணியிடம் பேசிக்கொண்டே அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றி மடித்து உங்கள் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். மாமாவின் தலையணையில் இருந்த பொத்தானை நான் அப்படித்தான் வெட்டி எடுத்து வந்தேன், அவர் டீ போட உள்ளே போன நேரத்தில்.

அன்புடன்.